வெள்ளிக்கிழமை மிஞ்சிய கோழி றோல்ஸ்

எதையும் முகர்ந்து பார்க்காமல் நான் வாயில் வைக்கமாட்டேன். சின்ன வயதிலேயே பிடித்த பழக்கம். கலியாணமான புதிதில் மனைவி ஆசையாக ஆக்கி வைத்த மீன் ஆணத்தைக் குனிந்து முகர்ந்து பார்த்ததற்காக அவள் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் ஊர் உப்புக்குளத்தில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். நான் பிழைப்புக்கு ஓட்டோ ஓட்டுகிறவன். பாலத்தில் எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தாலே கலிமா என் வாய்க்கு வந்துவிடும். பின்னால் இருக்கிற சனம் சிரிக்கும். சிரிக்கட்டும், அவர்களையும் சேர்த்துத்தான் நான் உயிரோடு கரை சேர்க்கிறேன்.

இப்படிப்பட்ட ஒருவன் ஊர்ச் சனத்துக்குச் சாப்பாடு சுமக்கிற வேலையில் மாட்டிக்கொண்டது ஆண்டவனின் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

மன்னார் டவுனில் இருக்கிற ஒரு சுப்பர்மார்க்கட்டுக்கு ஒருநாள் சவாரி போனேன். ஆளை இறக்கிவிட்டு நிழல் தேடிக் கடையின் பின்பக்கம் போனபோது, அங்கே வேலை செய்கிற ஒருவன் பெரிய வாளி ஒன்றைச் சரித்துக்கொண்டு நின்றான். பாண், பணிஸ், ஒரு பக்கம் மட்டும் நசிந்த தக்காளி, அன்றோடு திகதி முடிகிற யோகட் எல்லாம் குப்பைத் தொட்டிக்குள் கிடந்தன. அவற்றின் மேல் அவன் பெனைல் ஊற்றினான். ஏன் ஊற்றுகிறாய் என்று கேட்டேன்.

"இல்லாட்டி ஆக்கள் எடுத்துத் திண்டிடுவினம்" என்றான், மிகச் சாதாரணமாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கடலில் காற்று. டீசல் விலையில் பாதிப் படகுகள் கரையில் கிடந்தன. கடலுக்குப் போன மீதிப் பேரின் வலைகளை அக்கரையில் இருந்து வந்த இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயிருந்தன. எந்த வீட்டில் அடுப்புப் பற்றவில்லை என்று என் மனைவி அன்று காலைதான் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். நான் நேரே உள்ளே போய் மனேஜரைக் கேட்டேன். பயந்தவனுக்குக் கோபம் வந்தால் பயம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிடும். வெளியே வந்த பிறகுதான் திரும்ப நினைவுக்கு வரும்.

மனேஜர் வவுனியா ஆள், நாற்பது வயதுக்குள். மனைவி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு இங்கே அறை எடுத்து இருந்தவர். நான் கத்துவதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைக் கந்தோருக்குள் கூப்பிட்டுக் கதிரை தந்து, கதவைச் சாத்தினார். எங்கள் ஆட்களை அண்ணன் முறைக்குக் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்றார்.

"நானா, ஊத்தச் சொல்லி எங்களுக்கு மேலிடத்து ஓடர். எனக்கும் விருப்பமில்லை. பின்னேரம் அஞ்சு மணிக்கு வாங்கோ, மிஞ்சப் போறதை நான் எடுத்து வைக்கிறன். ஆனா ஒண்டு. ஒரு பிள்ளைக்கு வயித்துக்குள்ள என்னவும் நடந்ததெண்டால் அதோட சரி. என்ர வேலையும் போகும், உங்கட சாமானும் நிக்கும்."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனம் அன்றைக்கே என் வயிற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அப்படித்தான் தொடங்கியது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கடையின் பின்கதவில் பைகளை ஏற்றுவேன். வீட்டுக்குப் போனதும் மனைவி பிரிப்பாள். பத்துப் பன்னிரண்டு வீடுகள். பாதி எங்கள் உப்புக்குளத்தில், பாதி கத்தோலிக்கச் சனம் இருக்கிற பள்ளிமுனைப் பக்கம். கொடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஹோன் அடிப்பதில்லை. சவாரிக்கு ஆள் ஏற்ற வந்தவன் போல வேலி ஓரம் நிறுத்துவேன். வீட்டுக்காரி வந்து, கடைக்குச் சொல்லிவிட்ட சாமானை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போவாள். சிலர் அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று, "மிச்சக் காசு பிறகு தாறன் நானா" என்று சத்தமாகச் சொல்வார்கள். நானும் "அவசரமில்லை" என்பேன். யாருக்கும் யாரும் தர்மம் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் மரியாதையாக இருந்தது.

ஒவ்வொரு பையையும் கொடுக்கும்போது ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: "இண்டைக்கே முடிச்சுப் போடோணும். நாளைக்கு வைக்கப்படாது. மிஞ்சினால் கோழிக்குப் போடுங்கோ." இதைச் சொல்லிச் சொல்லி நான் வருவதைக் கண்டாலே பிள்ளைகள் அதை என் குரலில் சொல்லிக் காட்டப் பழகிவிட்டார்கள். அதோடு விட்டேனா? மறுநாள் காலை ஏதோ ஒரு சாட்டில் எல்லா வீட்டுப் பக்கமும் ஒரு சுற்றுப் போவேன். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாடிய முகத்தோடு நிற்கிறார்களா என்று பார்ப்பேன். எல்லாரும் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். "இவர் சாப்பாடு குடுக்கிறதை விட, குடுத்ததுக்குக் கவலைப்படுறதுதான் கூட" என்று மனைவி பக்கத்து வீட்டுக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருசம் இரண்டு நோன்பும் ஒன்றாக வந்தன. எங்களுக்கு ரமழான், கத்தோலிக்கச் சனத்துக்குத் தவக்காலம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், மீன் சாப்பிடலாம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கடையில் மீன் பணிஸ் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கோழி இறைச்சியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் தட்டுத் தட்டாக அப்படியே கிடக்கும். அன்று பொரித்தது அன்றைக்குத்தான், மறுநாள் விற்கக்கூடாது. ஆகவே எனக்கு வெள்ளிதோறும் கோழி றோல்ஸ் நிறைய வந்தது.

எங்கள் வீடுகளுக்கு அது நல்ல காலம். பள்ளிவாசல் கஞ்சியோடு நோன்பு திறக்க ஆளுக்கொரு றோல்ஸ். பள்ளிமுனை வீடுகளுக்குப் பாணும் மரக்கறியும் கொடுப்பேன். இந்த ஒழுங்கை நானும் மனைவியும் யோசித்துத்தான் செய்தோம். இரண்டு வெள்ளி பிசகில்லாமல் போனது. மூன்றாவது வெள்ளி, றோல்ஸ் அளவுக்கு மீறி வந்துவிட்டது. எங்கள் வீடுகளுக்குக் கொடுத்து முடித்த பிறகும் ஒரு பை மிஞ்சியது. நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நாக்கு வறண்டு, தலை இடித்துக்கொண்டு, பாண் பைகளோடு பள்ளிமுனைக்குப் போனேன்.

அங்கே கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீடு. புருசன் சிலாவத்துறைப் பக்கம் மீன் வாடியில் தங்கி வேலை, மாதத்துக்கு ஒருதடவை வந்தால் பெரிய காரியம். பெண் கருவாட்டு வேலைக்குப் போவாள், வேலை கிடைக்கிற நாட்களில். ஒரே மகள், எட்டு வயது. முன்பல் விழுந்த வாயோடு ஓயாமல் கதைக்கிற பிள்ளை. அந்த வருசம் கோயிலில் முதல் நன்மை, அதுதான் முதல் தடவை நற்கருணை, எடுக்கிறதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். அதனால் சமய விசயங்களில் அவளுக்குச் சரியான கண்டிப்பு. என்னைக் கண்டால் விசாரணை தொடங்கிவிடும்.

"மாமா, நீங்கள் தண்ணியும் குடிக்கமாட்டீங்களோ?"

"குடிக்கமாட்டன் மகள்."

"ஒருத்தரும் பாக்காட்டியும்?"

"அல்லாஹ் பாப்பான்தானே."

அவள் அதைப் பலமாக யோசித்தாள். "எங்கட ஆண்டவரும் அப்பிடித்தான்" என்றாள்.

தாய் வந்து பாணை வாங்கினாள். மிஞ்சிய பையை நான் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். "தங்கச்சி, இது கோழி. இண்டைக்கு உங்களுக்கு ஆகாது. வேணாமெண்டால் வேற எங்கயும் குடுக்கிறன்."

அவள் பையைத் திறந்து பார்த்தாள். அந்த மணத்துக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எனக்குத்தான் நானா ஒறுத்தல். சின்னப் பிள்ளையளுக்கு இல்லையெண்டு சுவாமியார் சொன்னவர். இவளுக்குக் குடுக்கிறன். இறைச்சி கண்டு எவ்வளவு நாள்."

"இண்டைக்கே..." என்று நான் வாயெடுத்தேன்.

"முடிச்சுப் போடோணும், நாளைக்கு வைக்கப்படாது" என்று மகள் முடித்து வைத்தாள். மூன்று பேரும் சிரித்தோம். ஒன்றைத் தாய் மகளிடம் கொடுத்தாள். மீதியை என் கண்முன்னாலேயே பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய் நோன்பு திறந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வழக்கமான சுற்றுப் போனேன். எல்லா வீடும் நல்ல மாதிரி. பள்ளிமுனையில் அந்தப் பிள்ளை கோயில் மறைக்கல்வி வகுப்புக்குப் போக வெளிக்கிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குக் கை காட்டினாள். அன்றைக்கு இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

பின்னேரம் நாலு மணியளவில் தாய் போன் எடுத்தாள். "நானா, கெதியா வாங்கோ. பிள்ளை சத்தி எடுக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வாந்தி என்றதுமே மனேஜர் சொன்ன வசனம்தான் காதில் நின்றது. போய்ப் பார்த்தால் பிள்ளை பழந்துணி போலத் துவண்டு தாயின் மடியில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கண்ணாடியில் தாயைப் பார்த்துக் கேட்டேன்: "என்ன சாப்பிட்டவள்?"

"சோறும் பருப்பும்."

"வேற?"

அவள் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். ஓட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிள்ளை முனகினாள்.

"தங்கச்சி, நேற்றைய றோல்ஸ் நேற்றே திண்டவள்தானே?"

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். பிள்ளை றோல்ஸை நேற்றுத் தின்னவில்லை. வெளியில் இருந்து தின்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போய், கடதாசியில் சுற்றி, மறைக்கல்விப் பைக்குள் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னக்கூடாது, சனிக்கிழமை தின்னலாம். குப்பையில் போடவும் மனம் இல்லை. அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே ஓர் இரவும், பைக்குள் ஒரு காலையும் கிடந்ததை, மறைக்கல்வி முடிந்து வருகிற வழியில் தின்றிருக்கிறாள்.

"சத்தி எடுக்கத் தொடங்கினாப் பிறகுதான் எனக்குச் சொன்னவள் நானா. ஏன்டி அப்பிடிச் செய்தனி எண்டு கேட்டன். நானா மாமா தண்ணி கூடக் குடிக்காமல் இருக்கிறார், நான் ஒரு நாளைக்கு இறைச்சி தின்னாமல் இருக்கக்கூடாதோ எண்டு கேக்கிறாள்."

வீதி தெரியாமல் கண் மங்கியது. ஒரு மாட்டுக்கு வழி விட்டு நிறுத்தினேன்.

"ஆஸ்பத்திரியில றோல்ஸைப் பற்றிச் சொல்லாதேங்கோ" என்றாள் தாய். அழுகை நின்றிருந்தது. "எல்லாம் நிண்டிடும். நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் பார்த்தா. இளம் வயது, யாழ்ப்பாணப் பேச்சு. என்ன சாப்பிட்டவ என்று கேட்டா. சோறும் பருப்பும், வீட்டில் ஆக்கினது என்றாள் தாய். கடைச் சாமான் ஏதும்? இல்லை. பள்ளிக்கூடத்தில்? இண்டைக்குச் சனிக்கிழமை டொக்டர். ஒவ்வொரு பதிலும் தயங்காமல் வந்தது. நான் கதவுப் பக்கம் நின்றேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தகப்பன் என்று நினைத்திருப்பார்கள்.

டொக்டர் பிள்ளையின் வயிற்றை மெல்ல அமுக்கிக்கொண்டு வந்து வலப்பக்கம் கீழே கையை வைத்தா. பிள்ளை போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. டொக்டர் கையை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தா. திரும்பவும் அதே சத்தம். முகம் மாறி, வெளியே போய் இன்னொரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவரும் அமுக்கிப் பார்த்தார். இரண்டு பேரும் தணிந்த குரலில் கதைத்தார்கள். குடல்வளர், அப்பென்டிக்ஸ் என்ற சொற்கள் காதில் விழுந்தன. ஒப்பரேசன் என்றும் விழுந்தது. இன்றைக்கே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமா, அம்புலன்ஸ் நிற்கிறதா என்று நேர்ஸிடம் கேட்டார்கள்.

நான் தாயைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. முகத்தில் இரத்தம் இல்லை. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தாள். ஆனாலும் என்னை நேரே பார்த்து, சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

அந்தக் கொஞ்ச நேரம் நான் பட்ட பாட்டைச் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் கடைக் கதவு மூடிவிடும். என் மனைவி பெயர் சொல்லிக் காட்டிய வீடுகள் எல்லாம் கண்முன் வந்தன. எங்கள் ஒழுங்கையில் வாதம் வந்து படுத்திருக்கிற ஒரு மனிதருக்கு நாங்கள் கொடுக்கிற பாண்தான் இரவுச் சாப்பாடு. மனேஜரின் பிள்ளைகள் வவுனியாவில் இருந்தார்கள். சொல்லாவிட்டால், ஒரு றோல்ஸ் செய்த வேலைக்கு இந்தப் பிள்ளையின் வயிற்றைக் கீறுவார்கள். அல்லது கீறவேண்டியதுதானோ? குடல்வளராகவே இருந்தால்? நான் என்ன டொக்டரா? நான் சொல்லப்போய், அவர்கள் அனுப்பாமல் விட்டு, அதனால் பிள்ளைக்கு ஏதும் ஆனால்? பயந்தவனுடைய மூளை எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே வெள்ளைத் துணி போர்த்திய ஒரு மையத்து கிடக்கும்.

நேர்ஸ் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்துவிட்டா.

"டொக்டர்" என்றேன். என் குரல் எனக்கே பிறத்தியார் குரலாகக் கேட்டது. "பிள்ளை மத்தியானம் பழைய றோல்ஸ் ஒண்டு திண்டது. கோழி றோல்ஸ். முந்தநாள் பின்னேரம்... இல்லை, நேற்றுப் பின்னேரம் நான்தான் குடுத்தனான். பைக்குள்ள வெக்கையில கிடந்தது."

டொக்டர் தாயைத் திரும்பிப் பார்த்தா. தாய் தரையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேறு மாதிரி நடந்தது. எங்கே வாங்கினது, எத்தனை மணிக்கு, வேறு யார் தின்றது, அவர்களுக்கு என்ன என்று கேள்விக்கு மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடையின் பெயரையும் சொன்னேன். மறைக்க எனக்கு இனித் திராணி இல்லை. அம்புலன்ஸைப் பொறுக்கச் சொன்னார்கள். சேலைன் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். "குடல்வளர் இல்லையெண்டு இப்ப சொல்லேலாது. ஆனா இது பெரும்பாலும் சாப்பாட்டு நஞ்சுதான். விடியும் வரைக்கும் பாப்பம்" என்றா டொக்டர். பிறகு தாயிடம், சத்தம் போடாமல், "இதை ஏன் அம்மா மறைச்சனீங்கள்?" என்று கேட்டா. தாய் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

நான் விறாந்தைக்கு வந்து வாங்கில் இருந்தேன். வெளியே பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது. நோன்பு திறக்க என்னிடம் ஒன்றும் இல்லை. குழாயடி எங்கே என்று தேடினேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். தாய். கையில் தண்ணீர்ப் போத்தல்.

"நோன்பைத் திறவுங்கோ நானா."

வாங்கிக் குடித்தேன். பாதிப் போத்தல் ஒரே மூச்சில் போனது. அவள் வாங்கின் மற்ற நுனியில் இருந்தாள்.

"ஏன் சொன்னனீங்கள்?" என்றாள். சண்டை இல்லை அந்தக் குரலில்.

"வயித்தைக் கீறப் போறம் எண்டவை தங்கச்சி. நீங்கள் கேக்கேல்லையே?"

"கேட்டனான். அம்புலன்ஸ் வந்தால் சொல்லுவம் எண்டு இருந்தனான். ஏத்திற நேரம் சொல்லியிருப்பன். அதுக்குள்ள குறைஞ்சிடும் எண்டு மாதாவைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்." சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குப் பிள்ளையில ஆசை இல்லையெண்டு நினைக்காதேங்கோ. இண்டைக்கு வயித்துவலி. நாளைக்கும் நாளையிண்டைக்கும் அதே வயித்துக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது எண்டுதான் யோசிச்சன்."

எனக்கு அவள் மேல் ஆத்திரமும் வந்தது, அவள் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

விடியும்போது பிள்ளைக்கு வலி குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக யாரும் கதைக்கவில்லை. பிள்ளை மட்டும் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீங்கள் இண்டைக்கும் நோன்போ?" என்று கேட்டாள்.

சுகாதாரப் பரிசோதகர் கடைக்குப் போனார். கடையில் ஒரு பிழையும் இல்லை என்று அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை அந்த றோல்ஸைத் தின்ற எங்கள் வீட்டு ஆட்கள், பள்ளிமுனைப் பிள்ளைகள், ஒருவருக்கும் ஒரு ஏப்பம் கூடப் பிழையாக வரவில்லை. ஆனால் விசயம் மேலிடத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பழக்கத்தில் பின்கதவுக்குப் போனேன். மனேஜர் வெளியே வந்தார். என்னை ஏசுவார் என்று நினைத்துத்தான் போனேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"வேலை போகேல்லை நானா. எழுத்தில எச்சரிச்சிருக்கினம். நீங்கள் இனி வராதேங்கோ" என்றார். பிறகு, "பிள்ளைக்குச் சுகம்தானே?" என்று கேட்டார். சுகம் என்றேன். அவருக்குப் பின்னால், பழைய ஆள் வாளியோடு நின்றான். பெனைல் வாசம் வந்தது. அன்றைக்குப் பாண் நிறைய மிஞ்சியிருந்தது.

வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் பொறுப்பு. மனைவி தான் போகிறேன் என்றாள், நான் விடவில்லை. சிலர் "அதுக்கென்ன நானா, இவ்வளவு நாள் தந்தனீங்கள்தானே" என்றார்கள். ஒரு வீட்டில், எந்த வீட்டுப் பிள்ளையால் நின்றது என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாதம் வந்த மனிதர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் வீட்டில் ஆக்குவதில் ஒரு கோப்பை அவருக்குப் போகிறது. மற்ற வீடுகளுக்கு என்னால் ஏலாது. ஒரு ஓட்டோக்காரனின் சட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும்?

பள்ளிமுனை வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். வேலி ஓரம் நிறுத்தியதும் தாய் வாசலுக்கு வந்தாள். நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே "தெரியும்" என்று தலையசைத்தாள். தேத்தண்ணி தரட்டுமா என்று கேட்டு, நோன்பு நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் எந்த வாசமும் இல்லை. முகர்ந்து பார்க்கிறது என் பழக்கம்தானே, என்னையறியாமல் பார்த்துவிட்டேன். அவளும் அதைக் கண்டாள். "மத்தியானம் ஆக்கினனான்" என்றாள்.

திரும்பும்போது மகள் ஓட்டோவின் மற்றப் பக்கத்தில் வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப்போய் இருந்தாலும் பழைய துடிப்பு வந்திருந்தது. தாய்க்குக் கேட்காமல் கதைக்கவேண்டும் என்று முன் சில்லுப் பக்கம் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, நான் வெள்ளிக்கிழமையே திண்டிருந்தால் நிண்டிருக்காதுதானே?"

"இல்லை மகள். அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை. அது கடைக்காரற்ற முடிவு."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு எப்போதும் வராது. கண் சிமிட்டத் தொடங்கிவிடும்.

"இனிமேல் தந்த உடனயே திண்டிடுவன் எண்டு அந்தக் கடை மாமாட்டச் சொல்லுங்கோ" என்றாள். "வெள்ளிக்கிழமையெண்டாலும் தின்பன்."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டோவை எடுத்தேன்.